இரண்டாம் கட்டம்

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி ஒரு காலி மைதானம் இருந்தது. மைதானம் என்று நான் சொல்வது மரியாதைக்காக. ஒரு பக்கம் எருமைகள் கட்டியிருக்கும், இன்னொரு பக்கம் சாக்கடை. நடுவில் இரண்டு பீப்பாய்களை நிறுத்தி மேலே பலகை போட்டால் அதுதான் மேடை. அந்தப் பலகையின் மேல் நின்று ஒரு நாள் சாயங்காலம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

எதிரே யார்டில் மூட்டை தூக்குகிறவர்கள் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாகப் பெண்கள். மூட்டைகளை இறக்கிய பிறகு கூட்ஸ் வண்டிக்குள் ஏறி, சிந்திக் கிடக்கும் தானியத்தைக் கூட்டி அள்ளி, புடைத்து, மறுபடி கோணியில் கட்டுவது அவர்கள் வேலை. தலைமுடியெல்லாம் கோதுமைத் தூசு. எருமைச் சாணி நாற்றத்தையும் மீறி அந்தத் தூசின் வாசனை மேடைவரை வந்தது.

எனக்கு அப்போது நல்ல குரல். மைக் இல்லாமலே டோல்கேட் வரைக்கும் கேட்கும் என்று சங்கத்துத் தோழர்கள் கேலி செய்வார்கள். குரல் பெரிதே தவிர சரக்கு ஒன்றுதான். "தோழர்களே, கண்டிராக்டர் பாதிப் பேரை நிரந்தரமாகப் பதிவு செய்கிறேன் என்கிறான். வாங்கிக்கொள்வோம். இது முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தில் மீதிப் பேர். மூன்றாம் கட்டத்தில் கண்டிராக்டர் என்று ஒருவனே இருக்கமாட்டான்!" இங்கே கையை வீசுவேன். கைதட்டல் விழும். போகிற இடமெல்லாம் விழுந்தது.

அன்றைக்கு "இரண்டாம் கட்டத்தில்" என்று ஆரம்பிக்கும்போது பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி கண்ணில் பட்டாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. நான் சொல்வதற்கெல்லாம் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே கேட்ட கதையைத் திரும்பக் கேட்கிறவள் ஆட்டுகிற மாதிரி.

அஞ்சலையக்கா. பார்த்து ஐந்தாறு வருஷம் இருக்கும்.

பேச்சை நிறுத்தி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஒரு வாசகரின் கார்டு

அங்கேயே நிற்கட்டும் அந்தக் கூட்டம். நடுவில் ஒரு விஷயம்.

சங்க அலுவலகத்துக் கூரை ஒழுகிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டுத் திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "கூரைக் கதை போதும் ஐயா. வாழ்நாள் முழுக்கச் சங்கத்தில் இருந்தவர் நீங்கள். நேராகப் பதில் சொல்லுங்கள். இந்த முதலாளித்துவ அமைப்புக்குள்ளேயே சின்னச் சின்னச் சீர்திருத்தமாக வாங்கிக்கொண்டே போனால், ஒருநாள் எல்லாம் அடியோடு மாறுமா, மாறாதா?"

நேராகப் பதில் தெரிந்தவன் வாராவாரம் இப்படிச் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருப்பானா? ஆனாலும் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தில் படிப்பு வகுப்பு நடக்கும். கரித் தூசில் கண் சிவந்த நாங்கள் இருபது பேர் பாயில் உட்கார்ந்து இதைத்தான் அடித்துக்கொள்வோம். வாங்கிய சலுகைகள் முற்றி ஒருநாள் புரட்சியாகுமா? அல்லது புரட்சி வராமலிருக்க முதலாளி நம் கையில் திணிக்கிற மிட்டாயா? வகுப்பெடுக்க வந்தவர் இரண்டு பக்கத்துக்கும் மேற்கோள் வைத்திருந்தார். வெளியே வரும்போது அவரவர் நினைத்ததையே நினைத்துக்கொண்டு வருவோம்.

நான் "வாங்கிக்கொண்டே போகலாம்" கட்சி. கோழைத்தனத்தால் அல்ல என்று இன்றும் சொல்வேன். பசியை நான் பார்த்திருந்தேன்.

ஜோடி

ராயபுரத்தில், துறைமுகத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் அந்த நாளில் ஒரு கரி டிப்போ இருந்தது. கப்பலில் வரும் நிலக்கரியை அங்கே மலையாகக் குவித்து, ரயிலுக்கும் ஆலைகளுக்கும் ஏற்றி அனுப்புவார்கள். இப்போது அந்த இடத்தில் போய் நின்றால் எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அங்கே ஒரு வழக்கம். தனி ஆளுக்கு வேலை கிடையாது. ஜோடிக்குத்தான் வேலை. ஆண் சவலால் கரியை அள்ளிக் கூடையை நிரப்புவான், பெண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையேறிப் போய்க் கொட்டிவிட்டு வருவாள். பெரும்பாலும் புருஷன் பெண்சாதி. காலையில் மேஸ்திரி ஒரு கவிழ்த்த கூடையின் மேல் ஏறி நின்று, கையில் ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். "கோவிந்தன் ஜோடி!" "காதர் ஜோடி!" கூப்பிட்ட ஜோடி உள்ளே போகும். கூப்பிடாத ஜோடி அன்றைக்குப் பட்டினி. மேஸ்திரிக்குப் பண்டிகைக்குக் கோழி கொடுக்க மறந்தவன் பெயர் ஒரு வாரம் நோட்டில் இருந்தும் வாயில் வராது.

கவனித்திருப்பீர்கள். நோட்டில் இருந்ததெல்லாம் ஆண் பெயர். பெண்ணின் பெயரை அந்த டிப்போவில் யாரும் கூப்பிட்டதுமில்லை, எழுதியதுமில்லை. கூடை சுமந்தவள் ஜோடி, அவ்வளவுதான்.

அஞ்சலையக்காவின் புருஷன் முனுசாமி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயத்தில், ஓட ஊர் இல்லாமல் இங்கேயே தங்கியவர்களில் அவர் ஒருவர். குண்டு அவரை ஒன்றும் செய்யவில்லை. பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டார்.

நாலாம் நாள் காலையில் அக்கா கூடையோடு டிப்போ வாசலில் வந்து நின்றாள். நோட்டில் பெயர் அடிக்கப்படவில்லை. மேஸ்திரி பழக்கதோஷத்தில் "முனுசாமி ஜோடி!" என்று கூப்பிட்டுவிட்டார். அக்கா "கீறேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். மேஸ்திரி தடுக்கவில்லை. இரக்கமெல்லாம் இல்லை. ஊரே காலியான சமயம், அவருக்கு ஆள் வேண்டும்.

அன்றிலிருந்து செத்துப்போன முனுசாமியின் பெயருக்கு அக்கா தினமும் பதில் சொன்னாள். அள்ளிக் கொடுக்க ஒரு ஆண் வேண்டுமே? வாசலில் வேலை கிடைக்காமல் நிற்கிறவனில் ஒருத்தனை அன்றன்றைக்குச் சேர்த்துக்கொள்வாள்.

அப்படி ஒருநாள் நின்றவன் நான்.

வண்ணாரப்பேட்டையில் தெற்கத்திக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவது வரை படித்த திமிர். முதலாளியிடம் வாயைக் காட்டி வெளியே தள்ளப்பட்டு, பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு தெருவில் நின்றேன்.

"இன்னா தம்பி, சவல் புடிப்பியா?"

"புடிப்பேன்."

"மெய்யாலுமா? எங்க, கைய காட்டு." காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பொட்லம் கட்ற கையி. பரவால்ல, வா. மேஸ்திரி இன்னா கேட்டாலும் வாய தொறக்காத. இன்னிக்கு நீதான் முன்சாமி."

மத்தியானத்துக்குள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. தன் கோணித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். நான் இருமித் துப்பினால் கறுப்பாக விழுந்தது. ஏழு மாதம் அவளோடு வேலை பார்த்தேன். என் மூத்த பெண் பிறந்ததும் பால் குடித்ததும் முனுசாமியின் பெயரில்தான். பிறகு எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கண்டுபிடித்து, மேஸ்திரி தன் நோட்டை எழுத என்னை வைத்துக்கொண்டார். என் பெயரும் நோட்டில் ஏறியது. எல்லாரும் என்னை ரைட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மூன்று வாரம்

கொடி மாறிய பிறகு எங்களுக்கும் தைரியம் வந்தது. சங்கம் வைத்தோம். மேஸ்திரி கூப்பிடுகிற முறை ஒழியவேண்டும், எல்லாருக்கும் நிரந்தர அட்டை வேண்டும், எட்டு மணி நேர வேலை, குடிக்க ஒரு குழாய். இவ்வளவுதான் கேட்டோம். கம்பெனி முடியாது என்றது. வேலை நிறுத்தம்.

வெளியாட்களை வைத்துக் கரி ஏற்ற லாரி கொண்டுவந்தார்கள். நாங்கள் ஆண்கள் வாசலில் நின்று கோஷம் போட்டோம். லாரி கோஷத்துக்கு நிற்கவில்லை. அஞ்சலையக்கா பெண்களைக் கூப்பிட்டு, கூடைகளை வாசலுக்குக் குறுக்கே வரிசையாகக் கவிழ்த்து, ஒவ்வொரு கூடையின் மேலும் ஒருத்தியை உட்கார வைத்தாள். டிரைவர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தான்.

"ஏத்திகினு போயேன்டா. ஒன் வூட்ல பொம்பளங்க இல்ல?" என்றாள்.

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அந்த மூன்று வாரமும் அந்தக் கூடைகள் அங்கிருந்து நகரவில்லை. போராட்டத்தை ஜெயித்தது அவர்கள்தான். இதை நான் மேடைகளில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. மேஸ்திரியின் நோட்டில் உள்ள பெயர்களுக்கெல்லாம் அட்டை. அட்டை உள்ளவனை யாரும் நினைத்தபோது தள்ள முடியாது. எட்டு மணி நேரம் சரி. குழாய் சரி. பெண்களைப் பற்றி ஒரே ஒரு வரி: "இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்."

காதர் பாய் சொன்னது

கமிட்டியில் காதர் பாய் ஒருத்தர்தான் எதிர்த்தார். நெருங்கிய சிநேகிதர். தண்டையார்ப்பேட்டைக்காரர். அவர் மனைவி கூடை தூக்க வந்ததில்லை, தங்கைதான் அவருக்கு ஜோடி. ரயில்வே கேட் டீக்கடையில் என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு விடவே இல்லை.

"தோஸ்து, ஜோடிக்கு ரெண்டு அட்ட. இல்லாங்காட்டி ஒண்ணுமே வாணாம்னு சொல்லு."

"மூணு வாரமாச்சு பாய். வூட்ல அடுப்பு எரியல. பொம்பளங்க வூட்லயும்தான் எரியல. கெடைக்கிறத வாங்கிகினு, அப்பால அடுத்தத கேப்போம்."

"அப்பால யார் கேப்பா?"

"நாமதான்."

"அட்ட வாங்கினவன் அப்பால வெளில வந்து நிக்கமாட்டான் மாமு. நானும் நிக்கமாட்டேன், நீயும் நிக்கமாட்ட. இன்னிக்கு எல்லாரும் தெருவுல கீறோம், அதான் ஒண்ணா கீறோம்."

"ஆளுங்கள அவ்ளோ கேவலமாவா நெனைக்கிற?" என்று கோபப்பட்டேன். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவர் சொன்னதில் இருந்த தவறு ஒன்றே ஒன்று. தன்னையும் சேர்த்துச் சொன்னது.

பெண்கள் ஒப்புக்கொள்ளாமல் ஒப்பந்தம் நிற்காது என்று எனக்குத் தெரியும். நேரே அஞ்சலையக்கா குடிசைக்குப் போனேன். கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு குவளை நீட்டினாள். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுக்கக் கேட்டாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒன்ன நம்பி கைய தூக்கறேன்."

மறுநாள் பொதுக்கூட்டத்தில் முதலில் அவள் கைதான் உயர்ந்தது. அவளைப் பார்த்து மற்றப் பெண்கள் தூக்கினார்கள்.

நான் அடித்த பெயர்

பட்டியலைச் சரிபார்க்கிற வேலை என்னிடம் வந்தது. நோட்டில் உள்ள பெயர்களை எடுத்து எழுதி, நாளைக்குக் கம்பெனியில் கொடுக்கவேண்டும். சங்க அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

"ரைட்டரே, நோட்ல அவர் பேர் கீதுல்ல? முன்சாமின்னு?"

"கீது."

"அத்த அப்டியே வுட்று. என் தம்பி சும்மாத்தான் சுத்திகினு கீறான். அவன் அந்தப் பேர்ல அட்ட வாங்கிக்கட்டும். நான் பழையபடி ஜோடியா போய்க்கறேன்."

எவ்வளவு எளிமையான யோசனை. பத்து எழுத்துக்கூட இல்லை, நான் அப்படியே எடுத்து எழுதியிருந்தால் முடிந்தது. ஆனால் எனக்கு அப்போது ஒப்பந்தம் என்பது கோயில் மாதிரி. அதில் ஒரு பொய் இருக்கக்கூடாது. செத்தவர் பெயர் ஒன்று அகப்பட்டால் மொத்தப் பட்டியலையும் கம்பெனி தூக்கி எறிந்துவிடும் என்று அவளுக்கு விளக்கினேன். ஒருத்திக்காக இருநூறு குடும்பத்தை ஆபத்தில் விட முடியுமா என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் கட்டத்துல ஒன் பேர்லயே வரும்க்கா. முன்சாமி பேர்ல இல்ல. அஞ்சலைன்னு நானே எய்தறேன்."

நிமிர்ந்தாள். "என் பேர்லயா?"

"உன் பேர்லதான்."

அந்த முகம் மலர்ந்ததை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை. "அப்ப சரி, அடிச்சிடு" என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முனுசாமியின் மேல் கோடு போட்டேன். நான் ஏழு மாதம் சாப்பிட்ட பெயர்.

பின்னால் எனக்குத் தெரியவந்தது. ஊருக்குப் போய்த் திரும்பாத மச்சான் பெயரில் ஒருத்தன், கப்பலேறிப் போன அண்ணன் பெயரில் ஒருத்தன் என்று அந்தப் பட்டியலில் ஆள்மாறாட்டம் எத்தனையோ. கம்பெனி எதையும் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு வேண்டியது எண்ணிக்கை. பட்டியலில் யோக்கியமாக நடந்துகொண்டவன் நான் ஒருத்தன்தான், அதுவும் அவள் விஷயத்தில்.

வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும்

அட்டை வந்த முதல்நாள் மேஸ்திரி கவிழ்த்த கூடையருகில் நோட்டில்லாமல் நின்றார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அட்டையைக் காட்டிக் காட்டி நேராக உள்ளே போனோம். அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். குழாயில் தண்ணீர் வந்தபோது சிலர் குடிக்காமல் கையை நனைத்துக்கொண்டே நின்றார்கள்.

அடுத்த வாரம் கம்பெனி தள்ளுவண்டிகளைக் கொண்டுவந்தது. கூடை போயிற்று. கூடையோடு ஜோடியும் போயிற்று. அட்டை இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தினார்கள். அட்டை என்று கேட்டது நாங்கள்தானே?

பெண்கள் தினமும் வந்து நின்றார்கள். "எப்போ ரைட்டரே ரெண்டாம் கட்டம்?" என்று கேட்பார்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பேன். நடந்தது, பொய்யில்லை. மனுக்கள் எழுதினேன், நல்ல இங்கிலீஷில். ஆறு மாதம் கழித்து அரைநாள் வேலைநிறுத்தம் என்று சங்கம் முடிவு செய்தது. தீர்மானத்தை எழுதியவன் நான்.

அந்தக் காலை வாசலில் பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள், நானும் காதர் பாயும் அவர்களோடு நின்றோம். ஆண்கள் வந்தார்கள். அவரவர் பெண்சாதி, தங்கை, மதினி நிற்கிற வாசல். முதலில் வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு அட்டையைக் காட்டி உள்ளே போனான். அடுத்தவன் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனான். முன்னறிவிப்பில்லாமல் வேலைக்கு வராதவன் அட்டை ரத்தாகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அதைத் தமிழில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியவனும் நான்தான்.

சங்கு ஊத இரண்டு நிமிஷம் இருக்கும்போது காவல்காரன் என்னைக் கூப்பிட்டான். "ரைட்டர் சார், ஒங்க பேரு மட்டும்தான் பாக்கி. காதர் பாய் பேரும்."

என் மனைவிக்கு அப்போது இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலையக்காவிடம் போய், "உள்ள போய் மானேஜர்கிட்ட பேசிட்டு வந்துடறேன்க்கா" என்றேன்.

"போ நைனா" என்று சொல்லி எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

போனேன். மானேஜரிடம் பேசவும் செய்தேன். அவர் பார்க்கலாம் என்றார். பிறகு வண்டி தள்ளினேன், மாலை வரைக்கும். வெளியே வந்தபோது வாசலில் யாரும் இல்லை. காதர் பாய் அன்றைக்கு உள்ளே வரவே இல்லை. அட்டை போனது. எண்ணூர்ப் பக்கம் உப்பளத்துக்குக் கூலியாகப் போனார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

எனக்குக் கிடைத்தவை

அந்த அட்டையால் எனக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீடு. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட மனைவி, ஹைஸ்கூல் போன பிள்ளைகள். காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ள ஒருநாள். சங்கத்தில் செயலாளர் பதவி. இதையெல்லாம் மிட்டாய் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. சீர்திருத்தத்தால் ஒன்றும் மாறாது என்கிறவர்களைக் கண்டால் இன்றும் எரிச்சல் வரும். மாறியது. என் வாழ்க்கை அடியோடு மாறியது. நான் மாறியதுதான் கணக்கில் வராமல் போய்விட்டது. பயமில்லாமல் இருந்தவன் பயப்பட ஒரு பொருள் சம்பாதித்துக்கொண்டேன்.

பயத்தைச் சரி என்று காட்டத்தான் கட்டங்கள் பற்றி அவ்வளவு சத்தமாகப் பேசினேனோ என்னவோ. நன்றாகப் பேசுகிறான் என்று ஒவ்வொரு ஊராக அனுப்பினார்கள். அப்படித்தான் கொருக்குப்பேட்டைக்கும் அனுப்பினார்கள்.

மறுபடி அந்தப் பலகை

தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. "ஆகவே தோழர்களே" என்று ஆரம்பித்தேன்.

அஞ்சலையக்கா எழுந்தாள்.

"ஒரு வார்த்த பேசலாமா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "குந்தும்மா, அப்பால கேளு" என்றான் ஒருத்தன். டிப்போ கதையைப் போட்டு உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். உடைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பாதிப் பேர எய்திக்கறேன்னு கண்டிராக்டர் சொல்றான். அந்தப் பாதில நாங்க கீறோமா?"

"இப்போதைக்கு மூட்டை தூக்குகிறவர்கள்..." என்று இழுத்தேன்.

"சரி. ரெண்டாவது வாட்டி நாங்க வந்துடுவோம்ன்ற."

"நிச்சயமாக."

"நிச்சயமாத்தானே?"

"ஆமாம்."

"அப்ப ஒண்ணு செய்யி. மொதல்ல எங்க பேர எய்து. ஆம்பளைங்கள ரெண்டாவதுல வெச்சிக்க. அதான் நிச்சயமா வருமே, அவங்களுக்கு இன்னா நஷ்டம்?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. கூட்ஸ் என்ஜின் ஒன்று பேசின் பிரிட்ஜ் பக்கம் கூவிக்கொண்டு போனது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். எவனுக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. வாசகருக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். சின்னதாக வாங்குவதா, பெரிதாகக் கேட்பதா என்று அல்ல, யாருடைய பெயரிலிருந்து ஆரம்பிப்பது என்று அன்றைக்கு அவள் கேட்டாள். டிப்போவில் அவள் பெயரிலிருந்து ஆரம்பித்திருந்தால் ஆண்கள் ஒருத்தன் பாக்கியில்லாமல் வாசலில் நின்றிருப்பார்கள். தங்களுக்காக நின்றிருப்பார்கள்.

"கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

"கமிட்டிய நான் கேக்கல. ஒன்னத்தான் கேக்கறேன்."

ஆண்கள் பக்கம் பார்த்தேன். "அவங்க பேரையே மொதல்ல போடுங்க" என்று யாராவது ஒருத்தன் எழுந்து சொல்வானா என்று பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது எழுத. சொல்லவேண்டியவன் நான். மேடையில் நின்றவன் நான். சட்டைப் பையில் பேனா இருந்தது.

எவனும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்துப் பேச இருந்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பலகையிலிருந்து இறங்கினேன்.

அவர் பேசி முடிக்கிறவரைக்கும் அஞ்சலையக்கா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.